விண்கல் தேடிப் பூமா நாட்டுக்கு

பனி விழுவதற்குள் கல்லை எடுத்தாக வேண்டும். அந்த ஒரே நினைப்போடுதான் எமல்டா பர்னாந்து குதிரைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

தென் அமெரிக்காவின் வால்நுனி அது. சிலி நாட்டின் படகோனியாப் புல்வெளியில் ஓர் ஆட்டுப் பண்ணை. இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுதில், பண்ணைக்கு மேலே வானத்தைக் கிழித்துக்கொண்டு பச்சை நிறத் தீப்பந்து ஒன்று போனது. பின்னாலேயே இடி போன்ற சத்தம். காவல் நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன. மறுநாளே செய்தி சாந்தியாகோ நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு எட்டியது. அங்கே விண்கற்களை ஆராய்ந்துகொண்டிருந்தவள் எமல்டா.

அவளுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பெண், மரமே இல்லாத இந்தக் குளிர்வெளியில் வந்து நின்றாள். அங்கேயும் வழங்குகிற பர்னாந்து என்ற பெயரைக் கேட்டதும் பண்ணைக்காரர்கள் அவளைத் தங்கள் ஊர்ப் பெண் போலவே நடத்தினார்கள்.

வானத்தைப் பார்த்திருந்த கேமராக்களின் படங்களை வைத்து, கல் விழுந்திருக்கக்கூடிய இடத்தை அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பண்ணையிலிருந்து இரண்டு நாள் குதிரைப் பயணம். விழுந்தது சாதாரணக் கல் அல்ல. தீப்பந்து உடைந்த விதத்தைப் பார்த்தால், அது கரி நிறைந்த அபூர்வ வகை. பூமி உண்டாவதற்கு முன்பு சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த தூசி அதற்குள் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு தடவை தண்ணீர் பட்டால் போதும், உள்ளே இருப்பது கெட்டுப்போகும். விழுந்த நாளிலிருந்து அங்கே மழை இல்லை. ஆனால் வாரக் கடைசிக்குள் பனிப்பொழிவு என்று வானொலி சொல்லிவிட்டது.

அவளோடு வந்தவன் சுடலைக்கண்ணு. களக்காட்டுப் பையன், ட்ரோன் ஓட்டுவதில் கெட்டிக்காரன், அவளைவிட இரண்டு வயது இளையவன். அதே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, இந்த ஊரில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று எமல்டாவோடு ஒட்டிக்கொண்டவன்.

மூன்றாவது ஆள் மார்செலா. நாற்பது வயதுக் கால்நடை மருத்துவர். பல ஆண்டுகள் இந்த மலைகளில் பூமாக்களைக் கணக்கெடுத்தவள். பூமா என்பது பெரும்பூனை. சிங்கத்தின் நிறம், ஆனால் பிடரி கிடையாது. உருவத்தில் நம் சிறுத்தையைவிடச் சற்றுப் பெரியது. வடக்கே கூகர் என்று சொல்கிறார்களே, அதேதான். எமல்டா போக வேண்டிய இடம் முழுக்கப் பூமாக்களின் வேட்டைக்காடு என்பதால்தான் மார்செலாவும் கூட வந்தாள். அவளிடம் துப்பாக்கி இல்லை; ஒரு தடியும், விலங்கின் முகத்தில் அடிக்கிற மிளகுத் தெளிப்பானும் மட்டும்தான்.

புறப்படும்போது மார்செலா ஆங்கிலத்தில் சில விஷயங்களைச் சொன்னாள். யாரும் தனியாக விலகிப் போகக்கூடாது. குனிந்து வேலை செய்தால் பக்கத்தில் ஒருவர் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். எதிரே பூமா வந்தால் எது செய்தாலும் செய்யலாம், ஓடுவதை மட்டும் செய்யக்கூடாது.

தன் ஊர் மலையில் புலியே இருக்கிறது, அதனால் தனக்குப் பயமில்லை என்று சுடலை சொன்னான். நேரில் பார்த்திருக்கிறாயா என்று மார்செலா கேட்டாள். கால்தடம் பார்த்திருப்பதாகச் சொன்னான். அவள் சிரித்துவிட்டுக் குதிரையைத் தட்டினாள்.

முதல் நாள் முழுக்கக் காற்று. ஆளைச் சாய்க்கிற காற்று. பேசினால் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போனது. மஞ்சள் புல்லில் குவானாக்கோக் கூட்டங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒட்டகத்தின் தம்பி போல நீண்ட கழுத்துள்ள விலங்கு குவானாக்கோ. அவை தலையைத் தூக்காமல் மேயும்வரை கவலையில்லை என்றாள் மார்செலா. ஒன்று கனைத்து, எல்லாம் ஒரே திசையில் பார்த்தால், அந்தத் திசையில் பூமா இருக்கிறது என்று அர்த்தம்.

மாலையில் அப்படி ஒரு கனைப்புக் கேட்டது. கூட்டம் முழுவதும் இவர்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. மூவரும் பார்த்தார்கள். புல் அசைந்தது, காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, மறந்து வைத்த கயிற்றை எடுக்க மூவரும் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தபோது விஷயம் வெளிப்பட்டது. ஓடைக்கரை ஈர மண்ணில் முந்தைய நாள் பதிந்த சுடலையின் பூட்ஸ் தடம். அதன் நடுவில், அதை மிதித்துக்கொண்டு, நான்கு விரல் தடம் ஒன்று. நகக் குறி இல்லை. நாய் என்றால் நகம் பதிந்திருக்கும். பூனைச் சாதி நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு நடக்கும்.

சுடலை தன் காலைத் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

மார்செலா மண்டியிட்டு அளந்தாள். தடம் பெரியதுதான், ஆனால் முழு வளர்ச்சி இல்லை. தாயை விட்டுப் பிரிந்து, சொந்தமாக ஓர் எல்லை கிடைக்காமல் அலைகிற இளம் ஆணாக இருக்கும் என்றாள். இந்த வயதில் அதற்குப் பசி அதிகம், வேட்டைத் திறமை குறைவு. எது இரை, எது இரையில்லை என்று இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற வயது. தடங்கள் சிறிது தூரம் போய் மேற்கே திரும்பியிருந்தன. வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டது, இனி வராது என்று அவள் முடிவு சொன்னாள். அந்த முடிவு தவறு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எமல்டா குறித்து வைத்திருந்த இடத்தை நண்பகலுக்குள் அடைந்துவிட்டார்கள். ஒரு பாறை முகட்டின் கீழே கூடாரம் போட்டார்கள். காற்று ஓய்ந்த நேரம் பார்த்து சுடலை ட்ரோனைப் பறக்க விட்டான். திரையில் புல், புதர், பாறை, மறுபடியும் புல். எமல்டாவின் கண் எரிந்தது. மதியத்துக்குமேல் திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. சுடலை ட்ரோனை இறக்கினான். புள்ளி உருண்டையானது. எரிந்த ரொட்டியின் மேல்தோல் போலக் கரேலென்று மின்னியது.

அது ஒரு சின்னப் பள்ளத்தின் அடியில், முள் நிறைந்த காலஃபாத்தே புதர்களுக்கு நடுவே கிடந்தது. மூவரும் இறங்கினார்கள். சுடலை முன்னால், அடுத்து எமல்டா, கடைசியில் மார்செலா.

பாதி இறங்கியதும் மார்செலா நின்றாள். புல்லில் ஏதோ கனமான ஒன்றை இழுத்துப் போன தடம் இருந்தது. அது முடிந்த இடத்தில் புல்லும் சுள்ளியும் குவிந்து ஒரு மேடு. மேட்டிலிருந்து குவானாக்கோவின் கால் ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"நில்லுங்கள்," என்றாள் மார்செலா, தாழ்ந்த குரலில். "இது அதன் சாப்பாடு. பூமா தின்றது போக மீதியை மூடி வைத்திருக்கிறது. பக்கத்தில்தான் இருக்கும்."

விண்கல் அந்த மேட்டுக்கு அப்பால், ஒரு தாவு தாவினால் எடுத்துவிடுகிற தூரத்தில் கிடந்தது. எமல்டாவின் கண் அதை விட்டு அகலவில்லை. அதனால், புதருக்கு அடியிலிருந்து பூமா எழுந்து வந்ததை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தாள்.

பெண் பூமா. காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன. வாய் திறந்து, காற்றுப் போகிற டயர் போலச் சீறியது. இடது பக்கப் புதரிலிருந்து புள்ளி போட்ட இரண்டு சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன.

சுடலையின் உடம்பு திரும்பத் தொடங்கியது. அவனாகத் திரும்பவில்லை; கால்கள் திரும்பின. எமல்டா அவன் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள்.

"ஏல, ஓடாத. முதுக காட்டாத. என் பக்கத்துல வந்து நில்லு."

மூவரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே ஆள் போல நின்றார்கள். மேல்கோட்டின் இரண்டு பக்கத்தையும் தூக்கி விரித்தார்கள். கண்ணை எடுக்காமல் பூமாவைப் பார்த்தார்கள். மார்செலா முதலில் கவனித்தது குட்டிகளை. தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய்விடக்கூடாது என்று வலது பக்கமாக ஒதுங்கி, பின்வாக்கிலேயே மேலே ஏற வைத்தாள். பேசுங்கள் என்றாள். கீச்சுக் குரல் கூடாது, அடிபட்ட பிராணி போலக் கேட்கும். கனமாக, தைரியமாக, எதையாவது பேசுங்கள்.

சுடலைக்கு, அவன் அப்பா மினி பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு தினமும் கூவுவது வாயில் வந்தது.

"ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, நாகர்கோயில்! உள்ள ஏறு, உள்ள ஏறு, படில நிக்காத!"

படகோனியாவின் மலைகள் அதுவரை கேட்டிராத குரல். பூமா சீறுவதை நிறுத்தியது. ஒரு முறை முன்காலால் தரையை அறைந்தது. துரத்தவில்லை. இவர்கள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகப் போக, அது குட்டிகளின் பக்கம் நகர்ந்து, புதருக்கும் இவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டது. முகட்டை அடைந்த பிறகுதான் எமல்டா பெல்ட்டை விட்டாள். விரல்கள் மடங்கியபடியே இருந்தன; பிரிக்க நேரம் பிடித்தது.

அடுப்பை மூட்டித் தேநீர் வைத்த பிறகு வாக்குவாதம் வந்தது. இரை தீரும்வரை, நான்கைந்து நாள், அந்தப் பூமா அங்கேதான் இருக்கும் என்றாள் மார்செலா. பனி நாளைக்கு வந்துவிடும் என்றாள் எமல்டா. குதிரைகளோடு போய்ப் பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட்டால் அது விலகாதா என்று கேட்டாள். ஒருவேளை விலகும் என்று மார்செலா ஒப்புக்கொண்டாள். ஆனால் விலகிப் போனால் திரும்பி வராமலும் போகலாம். நரியும் ராஜாளிக் கழுகும் வந்து இரையை முடித்துவிடும். பனிக்காலத் தொடக்கத்தில் அடுத்த வேட்டை கிடைக்கும்வரை குட்டிகள் பசியைத் தாங்க வேண்டும். தாய் விலகாவிட்டாலோ, அதன் பாய்ச்சலை நம்மில் ஒருவர் தாங்க வேண்டியிருக்கும்.

"இப்பிடி ஒரு கல்லுக்காக நான் நாலு வருசமா காத்துட்டு இருக்கேன்," என்றாள் எமல்டா தமிழில், சுடலையைப் பார்த்து. "கண்ணு முன்னாடி கெடக்கு, தொட முடியல."

சுடலை தேநீரை நீட்டினான். பிறகு சொன்னான், "நீங்க போகணும்னு சொன்னா நானும் வாறேன்க்கா. ஆனா அந்தக் குட்டியளப் பாத்தியளா?"

அவளும் பார்த்திருந்தாள். ஒன்றின் மூக்கில் புல் ஒட்டியிருந்தது. அவள் எழுந்து போய் முகட்டின் விளிம்பில் படுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் கல்லைப் பார்த்தாள். மனம் ஆறும்வரை பார்த்தாள். வெளிச்சம் சாய்ந்து, கல்லின் மறுபக்கத்தில் விழுந்தது. அவள் தொலைநோக்கியின் திருகைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

கல்லின் அந்தப் பக்கம் கறுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. காற்றில் எரிந்த எந்தப் பக்கமும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். சாம்பல் நிறம் என்றால், தீ அணைந்த பிறகு, இன்னும் உயரத்தில் இருக்கும்போதே கல் இரண்டாக உடைந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு துண்டு உண்டு.

அவள் கூடாரத்துக்கு ஓடி வந்தாள். வழியில், ஓடக்கூடாது என்று மார்செலா சொன்னது ஞாபகம் வந்து, நடந்து வந்தாள்.

கனமான துண்டு வேகம் குறையாமல் இன்னும் தூரம் போய் விழும். தீப்பந்து மேற்கிலிருந்து கிழக்கே போனது. கிழக்கில் என்ன இருக்கிறது என்று மார்செலாவைக் கேட்டாள். காய்ந்துபோன ஓர் ஏரி என்றாள் மார்செலா. தண்ணீர் வற்றிப் பல காலமாகிறது. வெள்ளை மண்ணும் பொடிக்கல்லும்தான். எமல்டா கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளைத் தரையில் கறுப்புக் கல்.

விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மேற்கே சிகரங்கள் தெரியவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று எழுந்து, மெல்ல இவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. காற்றில் ஒரு புது வாசனை, ஈர வாசனை. அந்தக் காற்றில் ட்ரோனைப் பறக்கவிட முடியாது. நடந்துதான் தேட வேண்டும்.

ஏரிப்படுகையில் எமல்டாவும் சுடலையும் இடைவெளி விட்டு ஒரே வரிசையில் நடந்தார்கள். மார்செலா பின்னால் குதிரைகளை நடத்தி வந்தாள். ஒரு முனைக்குப் போய், திரும்பி, அடுத்த முனைக்கு. குவானாக்கோச் சாணத்தைக் கல் என்று நம்பிச் சுடலை இரண்டு முறை கத்தினான். எமல்டாவும் ஒரு முறை ஏமாந்தாள். சாம்பல் சுவர் பக்கத்துக் குன்றை விழுங்கியது.

நண்பகல் தாண்டியபோது சுடலை நின்றான். இந்தத் தடவை கத்தவில்லை. கையை மட்டும் தூக்கினான்.

வெள்ளை மண்ணில் ஒரு கையகலக் குழி. அதன் ஓரத்தில், உரித்த தேங்காய் அளவில், ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் சாம்பலாக, அது உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு தூசி கூட இல்லாதது போலிருந்தது.

எமல்டா காலியான சாக்கு போல முழங்காலில் விழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அது கல்லில் பட்டுவிடுமே என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சுடலையும் குந்தினான். சுத்தமான கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினான். ஒருவர் குனிந்தால் ஒருவர் நிற்க வேண்டும் என்பது இருவருக்கும் மறந்தே போயிற்று. சந்தோஷத்துக்கு அந்த மறதி உண்டு.

குதிரைகள் மறக்கவில்லை. மூன்றும் காதை விறைத்துக்கொண்டு பின்னால் இழுத்தன. ஒன்று முன்கால்களைத் தூக்கியது. மார்செலா கயிற்றோடு போராடிக்கொண்டே அவர்கள் பெயரைச் சொல்லி அலறினாள்.

எமல்டா திரும்பிப் பார்த்தாள். ஒரு பேருந்தின் நீளத்துக்கு அப்பால், படுகையின் கரையோரப் புல்லில், தரையோடு தரையாக ஒரு மஞ்சள் உடம்பு கிடந்தது. வால்நுனி மட்டும் துடித்தது. இரண்டு நாளாகப் பின்தொடர்ந்து வந்த இளம் பூமா அது. மேற்கே போனது போல் போய்விட்டு, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

"மெதுவா எந்திரி," என்றாள். "கண்ண எடுக்காத."

இருவரும் எழுந்து ஒட்டி நின்றார்கள். எமல்டா மேல்கோட்டை விரித்துக் கனத்த குரலில் கத்தினாள். நேற்றுப் பார்த்த தாய்ப்பூமா சீறியது, அறைந்தது, போ போ என்று சொன்னது. இது ஒன்றும் சொல்லவில்லை. அதன் காதுகள் முன்னால் நிமிர்ந்திருந்தன. பார்வை சுடலையின் கழுத்தில் குத்தி நின்றது. வயிறு தரையில் உரச, ஓர் அடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி.

தடியும் மிளகுத் தெளிப்பானும் குதிரைமேல் இருந்தன. தரையில் கிடந்ததெல்லாம் பொடிக்கல். அதைப் பொறுக்கக் குனிந்தால் அதுவே கடைசிக் குனிதல். பூமாவின் பின்கால்கள் மாறி மாறித் தரையை மிதித்து இடம் பார்த்தன. பாயப் போகிற பூனை அப்படித்தான் செய்யும். வீட்டுத் திண்ணையில் எலியைப் பார்த்த பூனை செய்வதை எமல்டா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

சுடலையின் கையில் ஒரே ஒரு கல் இருந்தது.

"சுடலை, எறியுல."

அவன் கையைப் பார்த்தான். "அக்கா, இதயா?"

"எறியுலன்னா!"

பூமா தரையை விட்டு எழும்பியதும் சுடலை எறிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. கல் அதன் முன்தோளில் மொத்தென்று விழுந்து சிதறியது. பாய்ச்சல் கோணலாகி, பூமா பக்கவாட்டில் உருண்டு எழுந்தது. சுடலை பின்வாங்கவில்லை. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு, இரண்டடி முன்னே வைத்துத் தொண்டை கிழியக் கத்தினான். எமல்டாவும் கூடவே முன்னே போனாள். அந்த நேரத்தில் மார்செலா குதிரைக் கயிற்றைவிட்டு, தடியால் பாத்திரத்தை அடித்துக்கொண்டே பக்கவாட்டிலிருந்து வந்துவிட்டாள்.

மூன்று பேர், மூன்று குரல். பூமா ஒரு கணம் நின்று பார்த்தது. இது நினைத்தது போல எளிதான இரையில்லை என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்பி, ஒரு காலைச் சற்றே தாங்கியபடி, புல்லுக்குள் புகுந்து, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

சுடலை உட்காரப் போனான். எமல்டா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவலல்லா? கையக் காட்டு. கழுத்தக் காட்டு."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. கல்லுதாம்..." அவன் முகம் அழப்போகிற முகமாக இருந்தது. "ஒடஞ்சு போச்சே."

அவள் அவனைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். எறியச் சொன்ன நேரத்தில் நாலு வருடமும் ஞாபகத்துக்கு வரவேயில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தப்பு தன்னுடையது, தடம் மேற்கே போனதை நம்பியிருக்கக்கூடாது என்றாள் மார்செலா. பிறகு, யாருடைய தப்பு என்று பேச நேரமில்லை என்று வானத்தைக் காட்டினாள். சாம்பல் சுவர் ஏரியின் மறுகரைக்கு வந்துவிட்டது.

இந்தத் தடவை விதிப்படி செய்தார்கள். மார்செலா தடியோடு நிமிர்ந்து நின்று நாலா பக்கமும் பார்த்துக்கொண்டாள். மற்ற இருவரும் வெள்ளைத் தரையில் ஊர்ந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். கல் பெரிதும் சிறிதுமாக உடைந்திருந்தது. உடைந்த உள்பக்கங்கள் கன்னங்கறுப்பாக, நடுவில் வெள்ளைப் பொட்டுகளோடு இருந்தன. ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தார்கள். பொடியைக் கூட விடவில்லை. கடைசி டப்பாவை மூடியபோது எமல்டாவின் கையுறையில் முதல் பனித்துளி வந்து உட்கார்ந்தது.

தாய்ப்பூமா இருந்த பள்ளத்தின் பக்கம் அவர்கள் திரும்பிப் போகவில்லை. அந்த முதல் கல் அங்கேயே, பூமாவின் இரைக்குப் பக்கத்தில், பனிக்கு அடியில் போயிற்று. சிதறி ஓடியிருந்த குதிரைகள் கரைக்கு அப்பால் ஒன்றாக நின்றன. மார்செலாவின் விசிலுக்கு வந்தன. அடர்த்தியாகக் கொட்டுகிற பனியில், மேய்ப்பர்களின் தகரக் குடிசை ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது மூவரின் புருவமும் வெளுத்திருந்தது.

அடுப்பு பற்றிக்கொண்டதும், அந்தக் கல்லுக்கு எவ்வளவு வயதிருக்கும் என்று மார்செலா கேட்டாள். எமல்டா சொன்னாள். சுடலை தீயில் ஒரு சுள்ளியைப் போட்டான்.

"நானூத்தம்பது கோடி வருசம்," என்றான். "அத்தன வருசமா சும்மா சுத்திட்டுக் கெடந்துட்டு, இன்னிக்குத்தாம் ஒரு வேல பாத்திருக்கு."

எமல்டா சிரிக்க ஆரம்பித்தாள். அதை மார்செலாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, ஒரு பிற்பகலில், பண்ணைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புல்வெளியில் மூன்று புள்ளிகள் தெரிந்து, மூன்று குதிரைகளாகி, மூன்று ஆட்களாயின. பண்ணைக்காரர் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு ஆட்டுக்கறி வாட்டி, பண்ணை முழுவதும் கூடி உட்கார்ந்து கதை கேட்டது. சுடலை சொல்லச் சொல்ல மார்செலா ஸ்பானிய மொழியில் சொன்னாள். பூமா பாய்ந்த இடம் வந்ததும் அவன் எழுந்து நின்று நடித்துக் காட்டினான்.

கற்கள் ஒரு துளி ஈரமும் படாமல் சாந்தியாகோ போய்ச் சேர்ந்தன. உடையாத கல்லை ஆராய எப்படியும் அறுக்கத்தான் வேண்டும். இதை அறுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் உப்பு இருந்தது. உயிர்களின் உடம்பில் இருக்கிற சில பொருள்களும் இருந்தன. மாதக்கணக்காக வேலை நடந்தது. அறிக்கையில், கல் உடைந்ததற்குக் காரணம் எழுத வேண்டிய இடம் ஒன்று வந்தது. பூமாவின் மேல் எறியப்பட்டதால் என்று எமல்டா உள்ளபடியே எழுதினாள். படித்த பேராசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, முழுவதையும் சொல்லச் சொன்னார்.

பனிக்காலத்தின் நடுவில் மார்செலாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மலையில் அவள் வைத்திருந்த தானியங்கிக் கேமராவில் பதிவானது. பனியில் தாய்ப்பூமா நடந்து வருகிறது. பின்னால் இரண்டு குட்டிகள், கொஞ்சம் வளர்ந்து, தாயின் தடத்திலேயே கால் வைத்து. எமல்டாவும் சுடலையும் ஆய்வகத்தில் ஒரே திரையில் குனிந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

அடுத்த விண்கல் பயணத்துக்குச் சேர்ந்த மாணவர்களுக்கு எமல்டா இப்போது பாடம் எடுக்கிறாள். கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்கிறாள். நாம் போகிற இடத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் சாப்பிடுகிற இடத்தில் நாம் நுழையக்கூடாது. அவர்கள் நம்மை இரை என்று நினைக்கவும் விடக்கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் மரியாதை. பிறகு அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவரைக் குனியவும் ஒருவரை நிமிர்ந்து நிற்கவும் பழக்குகிறாள்.